காணாமல் போனவரின் கையெழுத்து

அந்தத் துப்பறியும் நிறுவனத்துக்குத் தரச்சான்று ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், வாடிக்கையாளர் நம்பிக்கை, தகவல் பாதுகாப்பு, தொடர் மேம்பாடு என்று முதலாளி மூன்று காரணங்களை ஒரே மூச்சில் சொல்வார். உண்மைக் காரணம் எதிர்க் கட்டிடத்தில் இருந்தது. அங்கேயும் ஒரு துப்பறியும் நிறுவனம். ஒரு நாள் காலை முதலாளி ஜன்னல் திரையை விலக்கியபோது, அவர்கள் வாசலில் பொன்னிறச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. யாருக்கும் கட்டுப்படாத வெளி அமைப்பு ஒன்று ஆய்வு செய்து வழங்கியது என்று அதன் கீழே பலகை வேறு. அதே வாரம் ஒரு பெரிய வங்கி தன் விசாரணை வேலைகளை எல்லாம் அவர்களிடம் கொடுத்தது. முதலாளிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே ஊழியர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"நாம நல்லா வேலை செய்றோங்கிறது முக்கியமில்ல. நாம நல்லா வேலை செய்றோம்னு, நம்மள யாருன்னே தெரியாத ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும். அதுதான் முக்கியம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற பல்லியும் தட்டினார்.

பல்லி என்பது அலுவலகம் வைத்த பெயர். சுவரோரமாக நின்றால் அங்கே ஒரு ஆள் நிற்பது யாருக்கும் தெரியாது. பார்த்த கணத்தில் மறந்துபோகும் முகம். ஒருமுறை காய்கறிக் கடையில் அவர் மனைவியே அவர் காலை மிதித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க சார்" என்று நகர்ந்து போயிருக்கிறார். ஆட்களைப் பின்தொடர்வதும் காணாமல் போனவர்களைத் தேடுவதும் பல்லியின் வேலை. இந்தத் தொழிலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று வீட்டில் அடிக்கடி சொல்வார். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சான்று வாங்கித் தர ஒரு ஆலோசகர் வந்தார். வாய்க்கு வாய் தரம், தரம் என்றதால் தரம் சார் ஆனார். இதற்கு முன் ஒரு சோப்புத் தொழிற்சாலைக்கும் ஒரு கோழிப்பண்ணைக்கும் சான்று வாங்கிக் கொடுத்த அனுபவம் அவருக்கு. மூன்றுக்கும் கையேடு ஒன்றேதான். 'முட்டை' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'அறிக்கை' என்று மாற்றியிருந்தார். விரிசல் விட்ட அறிக்கைகளை உடனே தனித்தட்டில் எடுத்து வைக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. என்ன ஏது என்று கேட்காமல் முதலாளி தட்டு வாங்கிப் போட்டார்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று உலகம் யோசித்துக்கொண்டிருந்த வேலையைத் தரம் சார் முதல் நாளே முடித்தார். எல்லோருக்கும் கழுத்தில் அடையாள அட்டை. வெளிவேலைக்காரர்களுக்கு அதன்மேல் பளபளக்கும் பச்சை மேலங்கி. தெருவில் வேலை செய்பவர் வண்டிக்காரர்கள் கண்ணில் பட வேண்டும், அது பாதுகாப்பு.

"சார், நான் ஆளுங்களைப் பின்தொடர்றவன்" என்றார் பல்லி. "இதுல என் பேரு, போட்டோ, கம்பெனி பேரு எல்லாம் இருக்கு."

"அடையாளம் இல்லாத ஊழியர் ஒரு பாதுகாப்புக் குறைபாடு."

"அடையாளம் தெரிஞ்சா வேலையே நடக்காதே சார்?"

தரம் சார் பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். "வேலை நடக்குதா இல்லையாங்கிறது நம்ம வரம்புக்குள்ள வராது. நடைமுறை நடக்குதா? அதுதான் வரும்."

பல்லிக்குப் புரியவில்லை. ஆனால் முதலாளி தலையாட்டினார். முதலாளி தலையாட்டினால் பல்லியின் தலையும் தானாக ஆடும். பல வருடப் பழக்கம்.

அட்டையும் அங்கியுமாக அவர் முதலில் போனது ஒரு கிடங்குக்காரர் பின்னால். தைத்த சட்டைகள் கிடங்கிலிருந்து குறைகின்றன, ஆளைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று ஒரு துணி நிறுவனம் கேட்டிருந்தது. கிடங்குக்காரர் இரண்டு தெரு நடந்தார், நின்றார், திரும்பினார்.

"என் பின்னாடியா வர்றீங்க?"

சம்பந்தப்பட்ட எவரிடமும் ஊழியர் பொய் சொல்லக் கூடாது என்று கையேட்டில் இருந்தது. பல்லி கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டார். "ஆமாங்க."

"எதுக்கு?"

"நீங்க சட்டை திருடுறீங்களான்னு பார்க்கத்தாங்க."

கிடங்குக்காரர் யோசித்தார். பல்லி சேவை பற்றிய கருத்துப் படிவத்தை நீட்டினார், அதுவும் விதி. மதில்மேல் வைத்து அவர் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'மிக நேர்மையான சேவை. முன்கூட்டியே தெரிவித்தமைக்கு நன்றி.' கையையும் குலுக்கிவிட்டுப் போனார். மறுநாள் அவரும் வேலைக்கு வரவில்லை, கிடங்கில் பாதிச் சட்டைகளும் இல்லை.

துணி நிறுவனத்தார் போனில் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது. ஆனால் மாதாந்தர ஆய்வுக் கூட்டத்தில் தரம் சார் முகமெல்லாம் பூரிப்பாக ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். பின்தொடரப்படுகிறவர்களின் திருப்தி வாடிக்கையாளர்களின் திருப்தியை எங்கோ தாண்டி நின்றது.

"இதுல இருந்து என்ன தெரியுது? நம்ம வளர்ச்சி எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுது" என்றார்.

தகவல் பாதுகாப்பும் சும்மா இருக்கவில்லை. மாலையில் மேசைமேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கக் கூடாது என்று வந்தது. இருந்தவை எல்லாம் அரவை இயந்திரத்துக்குள் போயின. ஒரு விவாகரத்து வழக்கின் ஒரே புகைப்படம் அரைபட்டது. கணக்காளரின் மருந்துச் சீட்டும் அரைபட்டது. கணக்காளர் இரண்டு நாள் இருமிக்கொண்டே கணக்குப் பார்த்தார்.

வீட்டில் பல்லியின் மனைவி கேட்டார். "கழுத்துல என்னங்க அது? சாப்பிடும்போதும் கழட்ட மாட்டீங்களா?"

"கழட்டினா காரணம் எழுதிக் கொடுக்கணும்."

"இருக்கட்டும். இனிமே கடைல பார்த்தா யாருன்னாவது தெரியும்."

சான்று கொடுக்கும் அமைப்பிலிருந்து ஆடிட்டர் ஆய்வுக்கு வருகிற நாளும் வந்தது. காலையிலேயே எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் தரக்கொள்கையை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் தரம் சார். செல்போன்களைப் பூட்டி வைத்தாயிற்று. அந்த நேரத்தில் ஒரு பெண் உள்ளே வந்தாள். நர்ஸ் உடுப்பு, ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கப்பாவைக் காணோம் சார். ஞாபகம் சரியா இருக்காது அவருக்கு. விடிகாலையில கதவைத் திறந்துட்டு எங்கயோ போயிட்டாரு. போலீஸ்ல சொல்லிட்டேன், பார்க்கிறோம்னாங்க. நீங்க தேடிக் கொடுப்பீங்கன்னு சொன்னாங்க."

பல்லி வரிசையை விட்டு ஒரு அடி வெளியே வந்துவிட்டார். "என்ன வேலை பார்த்தாரும்மா? என்ன போட்டிருந்தாரு?"

"பஸ் டிரைவரா இருந்தாரு. காக்கிச் சட்டை. இன்னும் அதைத்தான் போடுவாரு."

"ஒரு நிமிஷம்" என்று தரம் சார் நடுவில் வந்தார். "போட்டோ, உடல்நிலை, இதெல்லாம் தனிநபர் தகவல். கையாளணும்னா சம்பந்தப்பட்டவரோட ஒப்புதல் வேணும். இந்தப் படிவத்துல உங்கப்பா கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

நர்ஸ் அவரையே பார்த்தாள். "அப்பாவைத்தான் சார் காணோம்."

"புரியுது. அவர் கையெழுத்துப் போட்டா உடனே தேட ஆரம்பிச்சுடலாம்."

"அவரு கையெழுத்துப் போட வீட்ல இருந்தா நான் ஏன் சார் இங்க வர்றேன்?"

"அது உங்க தரப்புச் சிக்கலும்மா" என்று தன்மையாகவே சொன்னார் தரம் சார்.

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பல்லியால் தாங்கியிருக்க முடியும். அவள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எங்கேயாவது தன் அப்பா ஒளிந்திருப்பார் என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீட்ல இருங்கம்மா, திரும்பி வந்தாலும் வருவாரு" என்று அவளை அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிப் பல்லி நழுவினார்.

பஸ் நிலையம் பத்துத் தெரு தள்ளி. பெரியவர் அங்கேதான் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தபடி, கோணலாக நிறுத்தப்பட்ட பஸ்களின் டிரைவர்களை உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார். "பின்னாடி பார்த்து எடுடா! உங்கப்பன் வீட்டு ரோடா?" பல்லி வாருங்கள் என்றதும் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தார்.

நேரே வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கலாம். வரவேற்பறையில் அவள் எழுதிக் கொடுத்த முகவரி பூட்டிய அலமாரிக்குள் இருந்தது என்பது ஒரு காரணம். ஆனால் முழு உண்மை அதுவல்ல. வெளி ஊரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், காணாமல் போனவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு உள்ளே நுழைவது எப்படி இருக்கும் என்று பல்லி நினைத்துப் பார்த்தார். நினைக்க நன்றாக இருந்தது.

வரவேற்பறையில் பெரியவரிடம் அடையாளச் சான்று கேட்டார்கள். "டிரைவர்" என்றார் அவர். பேரைக் கேட்டார்கள். அதற்கும் "டிரைவர்" என்றார். 'துணையின்றி உலவக் கூடாது' என்ற அட்டையை அவர் சட்டையில் குத்திவிட்டார்கள். அதற்குள் தரம் சாரும் முதலாளியும் ஓடி வந்து பல்லியைச் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

"யாருய்யா அது?" என்றார் முதலாளி.

"காணாமப் போனவருதான் சார். கண்டுபிடிச்சாச்சு."

தரம் சாருக்கு முகம் வெளுத்தது. "வழக்கு எண் போட்டாச்சா?"

"இல்ல சார்."

"எண் போடாத வழக்குல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தேடினேன் சார்."

"யாரைக் கேட்டுத் தேடினீங்க?"

முதலாளி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆடிட்டர் வந்துவிட்டாராம். ஒரு வழக்கை ஆரம்பம் முதல் முடிவுவரை தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறாராம். துணி நிறுவனமும் விவாகரத்து வழக்கும் போனபின் நிறுவனத்தின் கையில் இருப்பது இந்த ஒரு வழக்குதான். மகளே பாதுகாவலராகக் கையெழுத்துப் போடலாம் என்று இப்போதுதான் ஒரு துணைவிதி எழுதி, அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

"முடிவு முதல்லயே வந்து உக்காந்துக்கிட்டா ஆரம்பத்தைக் கொண்டுபோய் எங்கய்யா வைக்கிறது?" என்றார் முதலாளி.

தரம் சார் கண்ணை மூடி யோசித்தார். திறந்தார். "எங்க இருந்து எடுத்தீங்களோ அங்கயே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"சார், வயசானவரு."

"மெதுவா விடுங்க."

"அப்போ நானும் பக்கத்துலயே நிக்கிறேனே?"

"நீங்க நின்னா அவர் இருக்கிற இடம் கம்பெனிக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தேடுறது ஏமாத்து வேலை." தரம் சாரின் குரல் கம்மியது. "நாம நேர்மைக்கான சான்று வாங்கப் போறோம். மறந்துடாதீங்க."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். நெய்க்கு முறைப்படி அலைய வேண்டும் என்பதற்காக வெண்ணெயைத் தெருவில் வைத்துவிட்டு வந்தவர்கள் இவர்கள்தான். பல்லி எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி, ஆடிப் பழகிய தலை பாதி.

பஸ் நிலையத்தில் அதே பெஞ்சில் உட்கார வைத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

"இறங்க வேண்டிய இடம் இதுதானா தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"இங்கயே இருங்க ஐயா. எங்கயும் போயிடாதீங்க. இப்போ வந்து கூட்டிட்டுப் போறேன்."

நேரக் காப்பாளர் அறைக்குப் போய், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமல் கையை மட்டும் அசைத்தார்.

தேடல் முறைப்படி தொடங்கியது. ஆடிட்டர் மெலிந்த, மென்மையான மனிதர். பேனாவைக் கையிலிருந்து கீழே வைக்காதவர். எல்லோரும் பச்சை அங்கி அணிந்து நர்ஸின் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டார்கள். காணாமல் போன இடத்தைச் சுற்றி முதல் வட்டம், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று, இல்லை என்று உறுதிசெய்து, கையெழுத்துப் போட்டார்கள். வாசலில் நின்ற நர்ஸ், இத்தனை பேர் தன் அப்பாவைத் தேடுகிறார்களே என்று கைகூப்பினாள். பல்லியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"நேரா பஸ் நிலையத்துக்குப் போயிடலாம் சார்" என்றார் ஆடிட்டரிடம். "டிரைவரா இருந்தவரு பாருங்க."

"அந்த முடிவுக்கு என்ன ஆதாரத்தை வெச்சு வந்தீங்க?"

பல்லி வாயைத் திறந்தார். முதலாளி பின்னாலிருந்து இருமினார்.

"ஒரு ஊகம் சார்."

"ஊகம் மூணாவது வட்டத்துலதானே வருது" என்றார் ஆடிட்டர், கையேட்டைப் பார்த்து.

இரண்டாவது வட்டம் முடிந்ததும் களைப்புத் தீர்க்கும் இடைவேளை, அதுவும் விதி. எல்லோரும் பழச்சாறு குடித்தார்கள். மூன்றாவது வட்டத்தில் பஸ் நிலையத்துக்கு வந்தபோது பெஞ்சில் கடித்த பன் மட்டும் இருந்தது.

"அந்தப் பெரியவரா?" என்றார் நேரக் காப்பாளர். "ஏதோ பஸ் வந்தது, ஏறிட்டாரு. எந்த பஸ்னு பார்க்கலையே."

பல்லி ஓடினார். ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, இறங்கி, ஜன்னல்களில் எட்டிப் பார்த்து, "ஐயா! ஐயா!" என்று கத்தினார். வாழ்நாளெல்லாம் யார் கண்ணிலும் படாமல் இருந்தவரை அன்று நிலையம் முழுக்க வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'ஊழியர் ஈடுபாடு: மிக நன்று' என்று ஆடிட்டர் எழுதிக்கொண்டார்.

பிற்பகல் நிறைவுக் கூட்டத்தில் ஆடிட்டர் எழுந்து நின்று பேசினார்.

"எத்தனையோ நிறுவனங்களைப் பார்த்திருக்கேன். அவசரப்படுவாங்க, குறுக்கு வழியில போவாங்க, ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டா சொல்லத் தெரியாது. இங்க அப்படி இல்ல. ஏன் கண்டுபிடிக்க முடியலைங்கிறதை ஒவ்வொரு தெருமுனையிலயும் கையெழுத்தோட காட்டுறீங்க. பெரியவர் கிடைக்கலைங்கிறது வருத்தமான விஷயம்தான். ஆனா அது முடிவு. முடிவை நாங்க ஆய்வு பண்றதில்ல."

கைதட்டல். பல்லி எழுந்தார். இந்த முறை தட்டுவதற்கு அல்ல.

"நான் காலையிலயே கண்டுபிடிச்சுட்டேன் சார். இங்கயே கூட்டிட்டு வந்தேன். இவங்கதான் திரும்பக் கொண்டுபோய் விடச் சொன்னாங்க. நானும் விட்டுட்டு வந்துட்டேன்."

முதலாளியின் நாற்காலி ஆடியது. இடி விழப் போகிறது என்று பல்லி காத்திருந்தார். யார் தலையில் விழுந்தாலும் சரி, தன் தலையிலேயே விழுந்தாலும் சரி, விழுந்தால் போதும் என்றிருந்தது.

ஆடிட்டர் பேனாவைத் திறந்தார். "அனுமதி இல்லாம கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமா சார்."

"இது குறைபாடுதான்." பிறகு தரம் சார் பக்கம் திரும்பினார். "தெரிஞ்ச உடனே பழைய நிலைக்குக் கொண்டு வந்துட்டீங்க?"

"உடனே சார்" என்றார் தரம் சார்.

"அபாரம். திருத்த நடவடிக்கையை இவ்வளவு வேகமா நான் எங்கயும் பார்த்ததில்ல."

அப்போதுதான் வரவேற்பறைப் பெண் வந்து, நர்ஸ் போன் செய்ததாகச் சொன்னாள். பெரியவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பழைய பழக்கத்தில், தான் ஓட்டிய வழித்தட பஸ்ஸில் ஏறியிருக்கிறார். அந்த பஸ்ஸின் டிரைவர் அவரிடம் வேலை பழகியவர். அடையாளம் கண்டு, வீட்டு வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"பார்த்தீங்களா?" என்றார் முதலாளி கண் கலங்க. "நடைமுறைன்னா இதுதான்."

சான்று உறுதியாயிற்று. அனுமதியின்றிக் கண்டுபிடித்தல் என்ற அந்த ஒரே குறைபாடு இனி ஒருபோதும் நிகழாது என்று முதலாளி எழுத்தில் உறுதி கொடுத்தார். அந்த வாக்குறுதியை அந்த நிறுவனம் இன்றுவரை ஒருமுறைகூட மீறியதில்லை.

இனிப்பு பரிமாறிக்கொண்டிருந்தபோது பல்லி கிளம்பி நர்ஸின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவளின் முகத்தில் நன்றி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அந்த முகம் மாறியது.

"கூட்டிட்டுப் போயிட்டு, திரும்ப விட்டுட்டு வந்தீங்களா? எங்கப்பா என்ன, கடைல எடுத்துப் பார்த்துட்டுப் பிடிக்கலைன்னா திரும்ப வைக்கிற சாமானா?"

"இல்லம்மா..."

"அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா? அதுக்கும் கையெழுத்து வாங்கியிருப்பீங்களா? போங்க சார். முதல்ல இங்கிருந்து போங்க."

பல்லி செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்தார். உள்ளேயிருந்து பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"அடடே, நீயா? வா தம்பி." மகளிடம் திரும்பினார். "பாவம்மா இவன். காலையில இருந்து வழி தெரியாம அலையுறான். என்னையும் துணைக்குக் கூட்டிட்டு ஒரு ஆபீசுக்குப் போனான். அங்க இவனை அறைக்குள்ள விட்டுத் திட்டி அனுப்பிட்டாங்க. திரும்ப பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டோம். அப்புறம் ஆளையே காணோம். எங்க போய்த் தொலைஞ்சானோன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்."

பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, பல்லியின் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி. தெருவைக் கடந்து நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார். மகள் இரண்டடி பின்னால் வந்தாள். வந்த பஸ்ஸைப் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டிரைவர் தம்பி, இவனை வீட்டுகிட்ட பார்த்து இறக்கி விட்டுடு. விவரம் பத்தாது."

அது பல்லியின் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் போகிற பஸ். அவர் மறுத்துப் பேசவில்லை. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் திருப்பத்தில் மறைகிறவரை பெரியவர் நடுத்தெருவில் நின்று கண்காணித்தார்.